முதலில் பை

எனக்கும் ஒன்று தைத்துத் தாங்க என்று கேட்கிறார்கள். முகாமில் இருந்தபோதே கேட்டார்கள். இப்போது இரத்தோட்டையில் கடைக்குப் பின்னால் வாடகை அறையில் இருக்கிறேன், இங்கேயும் தேடி வந்து கேட்கிறார்கள். வெகுநாள் முடியாது என்றுதான் சொன்னேன். காரணம் கேட்டவர்களிடம் கை வலி என்றேன். கை வலி இல்லை.

அந்தப் பையை எப்படிச் செய்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

தேர்தல் முடிந்ததும் சந்தியில் கட்டியிருந்த பிளெக்ஸ் பேனரை அவிழ்த்துக் கொண்டுவந்தேன். யாரும் கேட்கவில்லை. வெளிப்பக்கம் அது. உள்ளே பிஸ்கட் பெட்டி அட்டை, நிமிர்ந்து நிற்பதற்கு. அதற்கும் உள்ளே பால் பவுடர் வரும் பால்மா பக்கெட்டுகள். பளபளவென்று வெள்ளி உறை இருக்கும் அல்லவா, அதை வெட்டிக் கழுவிக் காயவைத்து, இரண்டு ஓரத்தையும் சேர்த்து இரும்பு அறுக்கும் வாளின் பழைய பிளேட் இரண்டுக்கு இடையில் பிடித்து, வெளியே நீட்டியிருக்கும் நூலளவு ஓரத்தை மெழுகுதிரிச் சுடரில் ஓட்டினால் ஒட்டிக்கொள்ளும். மெதுவாக ஓட்டினால் கருகும், வேகமாக ஓட்டினால் ஒட்டாது. உள்ளுறையில் ஊசி படவே கூடாது, பட்டால் தண்ணீர் போகும். தையல் எல்லாம் வெளி பிளெக்ஸில்தான். கோணி ஊசி, உரப்பையில் உருவிய நைலோன் நூல். வாயை மூன்று தரம் மடித்து அமுக்குப் பொத்தான் இரண்டு. பின்னால் ஆணியில் மாட்ட ஒரு வளையம்.

அவ்வளவுதான். பேனா போடும் தகரம், கரண்டி மாட்டும் பைப் துண்டு, சீப்பு வைக்கும் அட்டைப் பை என்று நான் செய்த நூறு சாமான்களில் இதுவும் ஒன்று. முழங்கால் போன பிறகு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. மற்றவர்கள் எறிவதை எடுத்து மற்றவர்கள் எறிய முடியாத மாதிரி ஆக்குவேன். புருசன் கொழும்புக்குப் போனவன் போனவன்தான், அவனைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஆனால் இந்தப் பை விளையாட்டுக்குச் செய்ததில்லை. இது கடுதாசிக்காகச் செய்தது.

எனக்குப் பத்தொன்பது வயதில் மாத்தளைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். சண்டைக் காலம். வழியில் ஆமிக் காவலரணில் இறக்கினார்கள். அடையாள அட்டை கேட்டார்கள். என்னிடம் இல்லை. பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் பிழையாக இருந்தது, அதைத் திருத்தக் கொடுத்து இரண்டு வருடமாக அலைந்துகொண்டிருந்தேன். அதை யாரிடம் சொல்வது? எனக்கு அன்று சிங்களம் இவ்வளவு வராது. காவலரணுக்குப் பின்னால் ஒரு நீளமான மர வாங்கில் உட்கார வைத்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை. தண்ணீர் கேட்கவும் பயம், ஒதுங்கப் போக வேண்டும் என்று சொல்லவும் பயம். உடுத்தியிருந்த பாவாடையிலேயே போய்விட்டது. கடைசியில் தோட்டத்துக் கிளாக்கர் வந்து, இது எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான் என்று சொன்ன பிறகு விட்டார்கள். பிறந்து வளர்ந்த ஊரில் நான் நான்தான் என்பதற்கு வேறொரு மனுசன் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் அப்பாவுக்கும் அதே கதை. பிரஜாவுரிமைப் பத்திரத்தைத் தகரப் பெட்டியில் வைத்து அதன் மேல்தான் தலை வைத்துப் படுப்பார். தோட்டத்தில் எந்தக் காம்பராவுக்குள் போனாலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். எட்டுக்குப் பத்தில் ஒரே அறை, அதில் சாமி படம் ஒரு மூலையில், கடுதாசி ஒரு மூலையில். மற்ற ஆட்கள் வீடு பற்றி எரிந்தால் நகையைத் தூக்குவார்கள். எங்கள் ஆட்கள் கடுதாசியைத் தூக்குவார்கள். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன்.

எல்கடுவப் பக்கத்துத் தோட்டத்தில் நானும் மதினியும் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பரா. மதினி என் அண்ணனின் மனைவி. அண்ணன் செத்து வெகு காலம். அவர்களுக்கு ஒரே மகள், மாத்தளை டவுனில் புடவைக்கடையில் வேலை. மூன்று பேருடைய கடுதாசியும் இந்த ஒரு பையில். அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், அண்ணனின் மரணச் சான்றிதழ், பிள்ளையின் பரீட்சைப் பேறு, கிளினிக் கொப்பி, எல்லாம். மதினியின் காம்பராவில் கதவுக்குப் பின்னால் ஆணியடித்து மாட்டினோம், அந்தச் சுவர்தான் ஈரம் இல்லாத சுவர்.

தைக்கும்போது மதினி பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார். பேனரில் இருந்த ஆளின் முகம் எங்கே வெட்டினாலும் வந்து விழுந்தது. கடைசியில் அவன் வாய் சரியாகப் பையின் மூடியில் வந்தது. பல் எல்லாம் தெரிய ஒரு சிரிப்பு.

"ஏ புள்ள, இவன் வாய்க்குள்ளயா போடப்போற? போட்டது திரும்பி வருமா?"

"இது வாங்குனா குடுக்கிற வாய் மதினி. நான் தச்ச வாய்."

"அப்புடியே ரெண்டு கண்ணையும் சேத்துத் தையி. நம்ம லயத்த ஒருதரமாச்சும் பாக்கட்டும்."

நான் சட்டம் போட்டேன். தீயோ, மழையோ, காற்றோ, எது வந்தாலும் முதலில் பை. சாப்பாடு வேண்டாம், உடுப்பு வேண்டாம், முதலில் பை. திரும்பத் திரும்பச் சொன்னேன். சிலநேரம் மதினி அடுப்பில் இருக்கும்போது பின்னாலிருந்து "மதினி, லயம் விழுகுது!" என்று கத்துவேன். அவர் அகப்பையோடு ஓடிப்போய்ப் பையைத் தொட்டுவிட்டு வருவார். "தொட்டுட்டேன் டீச்சர்" என்பார். இரண்டு பேரும் சிரிப்போம். பள்ளிக்கூடத்தில் மணியடித்துப் பழக்குவது மாதிரிப் பழக்கினேன். நன்றாகவே பழக்கினேன்.

மூன்று நாள் மழை. அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. லயத்துக்குப் பின்னால் பீலியில் வரும் தண்ணீர் தேத்தண்ணி நிறமாக வந்தது, பிறகு செங்கல் நிறமாக வந்தது. மூன்றாம் நாள் காலையில் மதினி தோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். ஏழு கல் தோடு. கல்யாணம், தேர்த்திருவிழாவுக்கு மட்டும் எடுப்பது.

"என்னா மதினி, பொண்ணு பாக்க வாறாங்களா?"

"பொட்டியில வச்சா மல எடுத்துக்கும். காதுல கெடந்தா எங்கூடவே இருக்கும்."

இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில். தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில்.

பின்னேரம் மூன்று மணி இருக்கும். மேலே எங்கோ மரம் முறிகிற மாதிரிச் சத்தம். கீழே கோயிலுக்குப் போகச் சொல்லிக் கத்திக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லாம் முன்னால் போய்விட்டார்கள். எனக்கு முழங்கால், மெதுவாகத்தான் இறங்க முடியும். மதினி எனக்காக நின்றார். இரண்டு பேரும் படியில் பாதி தூரம் வந்துவிட்டோம். குடை மதினியின் கையில். அவர் வேறொன்றும் எடுக்கவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டு வந்ததால் இரண்டு கையும் நிறைந்திருந்தது.

நான் பார்த்தேன். கத்தினேன்.

"பை எங்க?"

இரண்டே சொல். கேட்டேன் என்று கூடச் சொல்ல முடியாது. ஏசினேன். அடுப்படியில் விளையாட்டுக்குக் கத்துவேனே, அதே குரலில்.

"ஐயோ" என்றார் மதினி. குடையை என் கையில் திணித்துவிட்டு மேலே ஓடினார். நான் "வேண்டாம்" என்று சொல்லவில்லை. சொல்ல நேரம் இருந்தது. இதை நான் பலதரம் கணக்குப் பார்த்துவிட்டேன். அவர் படி ஏறி இஸ்தோப்புத் திண்ணையில் கால் வைக்கும்வரை நேரம் இருந்தது. நான் குடையைச் சரியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன், நனையாமல்.

பிறகு மலை வந்தது.

அதற்கு மூன்றாம் நாள்தான் மதினியை மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள். பை வயிற்றுக்குக் கீழே இருந்தது, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். காதில் தோடு இருந்தது. பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். நான் அமுக்குப் பொத்தானைப் பிரித்தேன். டொக், டொக் என்று இரண்டும் கழன்றன. மூன்று மடிப்பையும் விரித்தேன். உள்ளே ஒரு கடுதாசி நனையவில்லை. அண்ணனின் மரணச் சான்றிதழில் மை கூடக் கலையவில்லை. அவ்வளவு நன்றாகத் தைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். பெயர் பதிய வந்த உத்தியோகத்தர் ஒவ்வொருவரிடமும் கடுதாசி கேட்டார். எவரிடமும் இல்லை. என்னிடம் மட்டும் எல்லாம் இருந்தது. அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்புடி எல்லாரும் வச்சிருந்தா எங்களுக்கு வேல லேசும்மா."

அவர் கன்னத்தில் நான் அறைந்திருக்க வேண்டும். நான் தலையாட்டினேன்.

அன்றிலிருந்துதான் எனக்கும் தைத்துத் தாங்க என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதே வாய்தான் இன்னொன்றும் பேசியது. தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண், எங்கள் லயத்திலேயே கடைசிக் காம்பராவில் இருந்தவள், எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"காதுல தோட்டோட கெடந்தாளாம்ல. அது எடுக்கத்தான் போயிருக்கா. ஏழு கல்லுக்கு உசுரக் குடுத்துட்டா பாவி."

"தோட்ட மாட்டிக்கிட்டு வர நேரம் பாத்தா பாரு," என்றாள் இன்னொருத்தி.

"இருக்கிறதே ஒண்ணு. அதையும் விட்டுட்டு எப்புடி வாறது?"

நான் வாளியோடு பக்கத்திலேயே நின்றேன். தோடு காலையிலிருந்தே காதில் இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்போது எதற்குப் போனாள்? பைக்கு. யார் சொல்லி? அந்தக் கேள்வி வரக் கூடாது என்பதற்காக மதினியை ஆசைக்காரியாக்கிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். செத்தவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். மகள் இருக்கிறாள் என்பது உறைக்கவில்லை.

மலை வந்த அன்று அவள் டவுனில் கடையில் இருந்தாள். பாதை உடைந்ததால் வர முடியவில்லை. அவள் வந்து சேர்வதற்குள் கதை முகாம் முழுக்கப் பரவிவிட்டது. தாயின் முகத்தை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, அதற்குள் காதோடு காதாக வந்து, ஒங்கம்மா தோட்டுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை. ஒரு மாதிரி இறுகிப்போனாள். யாரோ தோட்டைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றிக் கொடுத்தார்கள். கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு தாயைப் பற்றி அவள் பேசி நான் கேட்கவில்லை.

இரத்தோட்டைக்கு வந்து இந்த அறையை எடுத்தோம், நானும் அவளும். அவள் காலை பஸ்ஸில் மாத்தளைக்குப் போய் மாலை வருவாள். நான் பழையபடி தகரம், அட்டை, பக்கெட் என்று உட்கார்ந்தேன். கை பழக்கத்தில் செய்தது. பேனாத் தகரம் செய்தால் அதன் வாயைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எதைச் செய்தாலும் அதற்கு ஒரு வாய் இருக்கிறது, எதையாவது உள்ளே போடு என்று திறந்துகொண்டு நிற்கிறது. நிறையச் செய்தேன், ஒன்றிலும் எதையும் வைக்கவில்லை.

அந்தப் பையை ஆணியில் மாட்டவில்லை. அலுமாரிக்கு மேல் வைத்தேன். காலையில் எழும்பினால் அலுமாரிக்குக் கீழே தரையில் செம்மண் தூள். ஒரு சிட்டிகை இருக்கும். பையை எடுத்துக் கழுவினேன். சவர்க்காரம் போட்டு, பழைய பல்துலக்கியால் தையல் தையலாகத் தேய்த்தேன். வெயிலில் போட்டேன். இரண்டு நாள் இருக்காது, திரும்பவும் கீழே சிவப்பாக. ஏழு தரம் கழுவியிருப்பேன். பேய் என்று நான் சொல்லவில்லை. பிளெக்ஸுக்கும் உள்ளுறைக்கும் நடுவில் அட்டை ஊறி, அதற்குள் மண் ஏறியிருக்கிறது, காய்ந்து காய்ந்து தையல் ஓட்டை வழியாக உதிர்கிறது. தைத்தவளுக்குத் தெரியாதா? பிரித்துப் போட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும். பிரிக்கக் கை வரவில்லை.

மூடியில் அந்தப் பல் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அதில் மண் ஒட்டவே இல்லை.

பொத்தான் சத்தமும் கேட்கும். பகலில்தான். அரிசி களையும்போது, துணி உதறும்போது, பின்னால் டொக் என்று ஒன்று. இரண்டாவது டொக் வரும் என்று காத்திருப்பேன். வராது.

போன பௌர்ணமிப் போயா தினம் அவளுக்கு லீவு. சாப்பிட்டுவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். டிஷ்யூவை விரித்துத் தோட்டைப் பாயில் வைத்தாள்.

"அத்த, இதுக்கு ஒரு பொட்டி செஞ்சு தாங்க. மூடுனா லேசுல தொறக்கக் கூடாது. எங்கண்ணுல படவும் கூடாது."

"போட்டுக்கயேன். ஒங்கம்மாவோடது."

"எனக்கு வேணாம். விக்கவும் மனசில்ல. உள்ள போட்டு மூடிருங்க."

சரி என்று எடுத்தேன். பற்பசைப் பெட்டி அட்டையை வெட்டினேன். அளவுக்காகத் தோட்டை அட்டையில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். ஏழு கல்லும் ஏழு வளைவாக வந்தது. இன்னொரு காதுக்கும் வரைந்தேன். அந்தக் கோட்டிலேயே வெட்டி, நடுவில் சுவர் வைத்து இரண்டு குழி, மேலே இறுக்கமான மூடி. அட்டையில் பசை தடவி அமுக்கிப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"பச எப்பவோ காஞ்சிருக்கும் அத்த. இன்னும் ஏன் அமுக்குறீங்க?"

"ஒங்கம்மா தோட்டுக்குப் போகல."

"விடுங்க. எல்லாருக்கும் தெரியும்."

"எவளுக்கும் ஒண்ணும் தெரியாது. தோடு காலையிலயே காதுல கெடந்துச்சு. நாந்தான் பொண்ணு பாக்க வாறாங்களான்னு கேட்டேன்."

அவள் நிமிர்ந்தாள். "அப்ப எதுக்குப் போனாங்க?"

"பைக்கு."

"எந்தப் பை?"

அலுமாரிக்கு மேலே காட்டினேன்.

"யாரு போகச் சொன்னா?"

"நான்."

சொல்லிவிட்டேன். படியில் நின்றது, குடை, கத்தியது, எல்லாம். 'வேண்டாம்' என்று சொல்ல நேரம் இருந்ததையும் சொன்னேன். குழாயடியில் வாளியோடு நின்றதையும் சொன்னேன். அழுதுகொண்டு சொல்லவில்லை. அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டிவரும், அது இன்னொரு திருட்டு.

அவள் பாயிலிருந்த தோட்டை எடுத்தாள். ஒரு காதில் போட்டாள். இன்னொரு காதில் ஓட்டை தூர்ந்திருந்தது போல, அழுத்திக் குத்தினாள், கொஞ்சம் இரத்தம் வந்தது. துடைக்கவில்லை.

"இத்தன மாசமா எங்கம்மாவ நான் திட்டிக்கிட்டு இருந்தேன்," என்றாள். "மனசுக்குள்ள. ஒவ்வொரு நாளும். பஸ்ஸுல போகையில, வரையில."

நான் பெட்டியைப் பாயில் வைத்தேன்.

"எங்கிட்ட சொன்னது பத்தாது. அவங்ககிட்டப் போய் சொல்லுங்க. கொழாயடியில சொன்னாங்கல்ல, ஒவ்வொருத்திகிட்டயும் போய் சொல்லுங்க."

மறுநாளே பிளெக்ஸ் தேடிப் போனேன். கட்டி முடித்த கடையொன்றின் திறப்பு விழா பேனர் கிடைத்தது. பால்மா பக்கெட்டு சேர்க்க ஒரு கிழமை ஆனது. கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு பை. அதே அளவு, அதே உறை. பின்னால் வளையம் மட்டும் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு பக்கமும் நீளமான நாடா.

எங்கள் லயத்து ஆட்கள் இன்னும் பள்ளிக்கூட மைதானத்தில் போட்ட தகரக் கொட்டிலில்தான் இருக்கிறார்கள். முதலில் அந்தக் கடைசிக் காம்பராக்காரியிடம் போனேன். பையைக் கையில் கொடுக்காமல் என் மடியிலேயே வைத்துக்கொண்டு சொன்னேன். அவளுக்கு முகம் ஒரு மாதிரி ஆனது.

"அப்ப நாங்க பேசுனது..."

"பொய். நானும் கேட்டுக்கிட்டுதான் நின்னேன். எனக்குத் தெரிஞ்ச பொய்."

"ஒன்னய நம்பித்தானடி அவ நின்னா," என்றாள். பிறகு, "சண்டாளி" என்றாள். சரியான சொல். வாங்கிக்கொண்டேன்.

கொஞ்சம் கழித்து அவளே கையை நீட்டிப் பையை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள்.

"மாட்டுற வளையம் எங்க?"

"இல்ல. இடுப்புல கட்டுங்க. மழ வந்தா கட்டிக்கிட்டே படுங்க. கட்ட மறந்தா விட்டுட்டு ஓடுங்க. திரும்பிப் போகாதீங்க. பேப்பர் இல்லாட்டி வாங்குல ஒக்கார வைப்பாங்க, அவ்வளவுதான். நான் ஒக்காந்திருக்கேன். சாகல."

இப்படியே ஒன்பது கொட்டில் ஏறினேன். ஒருத்தி பையை வாங்க மறுத்துவிட்டாள். அது அவள் இஷ்டம். நான் போய்ப் பார்க்க முடியாதவர்கள், வேறு ஊருக்குப் போனவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் இன்னும் என்னோடுதான் இருக்கிறாள். தோட்டோடு கடைக்குப் போகிறாள். சமைத்தால் எனக்கும் போடுகிறாள். ஆனால் அந்தப் போயாவுக்குப் பிறகு என்னை அத்தை என்று கூப்பிடவில்லை. "சோறு இருக்கு", "கதவச் சாத்துங்க", அவ்வளவுதான்.

இன்று காலை எழும்பி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அலுமாரிப் பக்கம் போனேன். தரை சுத்தமாக இருந்தது. மண் இல்லை. அவள் வேலைக்குப் போய்விட்டாள். குப்பைக் கூடையைப் பார்த்தேன், அதிலும் இல்லை. சாமி படத்துக்குக் கீழே தோட்டுக்காக நான் செய்த பெட்டி இருந்தது. அதை நான் அங்கே வைக்கவில்லை. மூடி இறுக்கம், நகத்தால் நெம்பித்தான் திறந்தேன். இரண்டு குழியிலும் ஒரு தூள் வெளியே சிந்தாமல் செம்மண் நிரப்பியிருந்தாள். நான் வரைந்த ஏழு வளைவு இரண்டு பக்கமும் சிவப்பாகத் தெரிந்தது.

மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.